கேமராவும் ஆம்னி வேன் பல்பும்

எங்கள் வகுப்பில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் லென்ஸ் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். எந்தக் கேமராவில் நிழல் பகுதி எப்படி வரும், எதில் தோல் நிறம் நன்றாக இருக்கும் என்று டீக்கடையில் அடிதடியே நடக்கும். அதே ஆட்களிடம் "அந்தக் கேமராவுக்கு எத்தனை வோல்ட் வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் அட்டெண்டர் அண்ணா பாத்துப்பாருடா" என்பதுதான் பதில்.

இந்தப் பதிவு அந்த அண்ணா பார்த்துக்கொள்கிற சமாச்சாரம் பற்றியது. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பத்தாம் வகுப்பில் படித்த ஓமின் விதிதான், பயப்பட வேண்டாம் :-)

முதலில் ஒரு விஷயம். ஃபிலிம் காலத்துக் கேமராவுக்கு மின்சாரம் என்பது பெரும்பாலும் மோட்டாரைச் சுற்றுவதற்குத்தான். நம் ஊர்ப் படங்களில் வெகுகாலம் உழைத்த ஆரி 2சி கேமராவின் மோட்டாருக்கு 16 வோல்ட். பின்னால் வந்த ஆரி 435-க்கு 24 வோல்ட். பாட்டரி இறங்கினால் ஓடும் வேகம் தடுமாறும், சத்தம் மாறும். காது பழகிய உதவியாளர் சத்தத்தை வைத்தே பாட்டரியை மாற்றிவிடுவார். டிஜிட்டல் சினிமா கேமரா அப்படி இல்லை. அது லென்ஸ் மாட்டிய கம்ப்யூட்டர். சென்சார், கணக்குப் போடும் சில்லுகள், பதிவு செய்யும் பகுதி, சூட்டை வெளியே தள்ள விசிறி எல்லாம் சேர்ந்து தின்னும். 2010-இல் வந்த ஆரி அலெக்ஸா 85 வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். நம் வீட்டுச் சீலிங் ஃபேனை விடக் கொஞ்சம் அதிகம். வோல்ட் குறைந்தால் அது மெதுவாக ஓடாது, முனகாது. ஒரு எல்லைக்குக் கீழே போனதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொசுக்கென்று அணைந்துவிடும். திரும்பக் கிளம்ப அதற்கு நேரம் வேண்டும். முதல் தலைமுறை ரெட் ஒன் கேமராவுக்கு ஒன்றரை நிமிடம் போல ஆகும். 2009-இல் வந்த 'அச்சமுண்டு அச்சமுண்டு', 'உன்னைப்போல் ஒருவன்' இரண்டும் ரெட் ஒன்னில் எடுக்கப்பட்டவை. படப்பிடிப்பில் ஒன்றரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று அந்த யூனிட்டில் இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சேலத்துக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. டி.ஆர்.சுந்தரம் 1930-களில் ஏற்காடு சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில்தான் 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவா கலரில் வந்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப்படம். அந்தக் காலத்துக் கலர் ஃபிலிமுக்கு வெளிச்சம் போட்டுக் கட்டுப்படியாகாது, அவ்வளவு கேட்கும். அதனால் மின்சாரமெல்லாம் விளக்குக்குப் போனது, கேமரா சும்மா கொறித்தது. இன்றைக்குத் தலைகீழ். ஒரு சின்ன எல்.ஈ.டி பலகை வெளிச்சத்தில் ராத்திரிக் காட்சியே எடுத்துவிடலாம், ஆனால் பசி முழுக்கக் கேமராவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு ஸ்டுடியோவுக்குள் எல்லாம் நிலையாக இருந்தது. இன்றைக்கு நாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கும் மேட்டுக்கும் போகிறோம், மின்சாரத்தையும் பையில் கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

போன வருசம் பங்குனியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஆவணப்படத்துக்காக ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் ஒரு ஊருக்குப் போனோம். அங்கே அம்மன் நோம்பிக்குக் 'கர்ண மோட்சம்' கூத்து. விடிய விடிய நடக்கும். பொன்னுருவி வேஷம் கட்டும் வாத்தியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முட்டி வலி. இந்த வருசத்தோடு பெண் வேஷம் கட்டப் போவதில்லை, இனி பின்பாட்டு மட்டும்தான் என்று ஊரிலும் சொல்லிவிட்டார். அவர் ஆடும் பொன்னுருவியை நல்ல கேமராவில் ஒரு தடவையாவது பதிந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரே ஒரு ராத்திரிக்கு வாடகைக் கேமரா. கூடவே ஒரு அட்டெண்டர் அண்ணா.

கூத்துக்கு ரீடேக் கிடையாது. நீங்கள் 'ஒன் மோர்' கேட்டால் மிருதங்கக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், அவ்வளவுதான்.

பத்து மணிக்குக் கட்டியங்காரன் வந்தான். நான்கு வி-மவுண்ட் பாட்டரி, ஒவ்வொன்றும் 98 வாட்-மணி. 85 வாட் கேமராவுக்குக் கணக்குப்படி ஒன்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வர வேண்டும். நடப்பில் 50 நிமிடம், 55 நிமிடம். ஒரு மணி தாண்டி ஒன்றரைக்குள் நான்கும் காலி. சார்ஜரில் போட்டுவிட்டு, அண்ணா அடாப்டரை எடுத்தார். வீட்டுக் கரண்டை 14.4 வோல்ட் ஆக்கிக் கொடுக்கும் டப்பா. பிளக் பாயிண்ட் கோயில் சுவரில். கேமரா கூட்டத்துக்கு நடுவில். 230 வோல்ட் வயரைக் குழந்தைகள் படுத்திருக்கும் மண்ணில் இழுக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே. வாடகைப் பெட்டிக்குள் பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று கிடந்தது. இரண்டு முனையிலும் நான்கு முள் எக்ஸ்.எல்.ஆர். அடாப்டர் சுவரோரம், அங்கிருந்து 14.4 வோல்ட் இந்தக் கேபிள் வழியாகக் கேமராவுக்கு. கேமரா எழுந்தது, படமும் வந்தது.

கர்ணன் போருக்குப் புறப்படுகிறான். பொன்னுருவி வழி மறிக்கிறாள். கூட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டிகள் கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். இயக்குநர் நண்பன் தனக்கும் ஒரு மானிட்டர் வேண்டும் என்று கேட்க, அண்ணா அதைக் கேமராவின் பின்பக்கத்திலிருந்தே கரண்ட் எடுத்து மாட்டினார். ஒரு நிமிடம் ஓடியது. அப்புறம் இருட்டு.

"கரண்ட்டு!" என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னோம். சொல்லாமல் என்ன செய்வோம்? 2012-இல் சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் மின்வெட்டு இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். எது அணைந்தாலும் கை தானாக ஈ.பி. பக்கம் நீளும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பிளக்கில் 185 வோல்ட்தான். ஊர் முழுக்க சீரியல் செட், இறங்காமல் என்ன செய்யும். "பாத்தியா!" என்றான் நண்பன். ஓடிப்போய் ரேடியோ செட்டுக்காரரிடம் கெஞ்சி அவருடைய ஜெனரேட்டரில் அடாப்டரைச் சொருகினோம். இப்போது 230. கேமரா எழுந்தது. இரண்டு நிமிடம். மறுபடி இருட்டு.

அந்த அடாப்டரின் வயிற்றில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்திருந்தால் ஜெனரேட்டருக்கு ஓடியே இருக்க வேண்டியதில்லை. 100 முதல் 240 வோல்ட் வரை எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் என்று போட்டிருக்கிறது. இப்போது வருகிற லேப்டாப் சார்ஜர் எல்லாமே அப்படித்தான். 185 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஈ.பி.க்காரர்கள் மேல் போட்ட பழியில் இது ஒன்று அநியாயப் பழி.

சரி கேமராவில்தான் கோளாறு என்று எல்லோரும் அண்ணாவைப் பார்த்தார்கள். அவர் முகம் செத்துவிட்டது. "கேமரா கம்ப்ளைண்டுன்னு திரும்பிப் போச்சுன்னா மொதல்ல என் பேட்டாவத்தான் தம்பி நிறுத்துவாங்க. அப்புறம்தான் கேமராவயே தொறந்து பாப்பாங்க" என்றார் மெதுவாக. பல லட்சம் ரூபாய்ச் சாமானுக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பொறுப்பு அவர். அவருடைய அன்றைய சம்பளமோ எங்கள் பிரியாணிச் செலவை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

அப்போது வந்தவர்தான் இந்தப் பதிவின் நாயகன். நாமக்கல்லில் லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர், நோம்பிக்கு மாமனார் ஊருக்கு வந்திருக்கிறார். லாரி பாடி கட்டுவதில் நாமக்கல் பேர்போனது எல்லோருக்கும் தெரியும். அந்த லாரிகளுக்கு வயர் இழுத்து, செல்ஃப் எடுக்காத வண்டியை நடு ரோட்டில் உயிர்ப்பிக்கிற ஒரு தனிப் படையே அங்கே இருப்பது வெளியூரில் அவ்வளவாகத் தெரியாது.

"ஏனுங்க, லைட்டு வந்து வந்து போகுதா, இல்ல ஒரேயடியா போகுதா?" என்றார்.

"எந்திரிக்குதுங்கண்ணா. கொஞ்ச நேரம் ஓடுது. அப்புறம் நின்னுருது."

"அப்ப கரண்டு வருது தம்பி, பலம் வரல. வண்டி செல்ஃபு எடுக்கலைன்னா மீட்டர் வெச்சுப் பாப்பீங்க, 24 காட்டும். சாவியத் திருகுனா பொத்துன்னு 15-க்கு எறங்கும். சும்மா இருக்கறப்ப எல்லாருமே பலசாலிதானுங்க."

கேபிளின் இரண்டு முனையிலும் நாங்கள் ஏற்கெனவே மீட்டர் வைத்துப் பார்த்திருந்தோம். அங்கேயும் 14.4, இங்கேயும் 14.4. அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "ஒரு 12 வோல்ட்டு ஹெட்லைட்டு பல்பு வேணுங்க. லாரி பல்பு ஆகாது, அது 24" என்றார். நாங்கள் வந்த ஆம்னி வேனில் டிரைவர் ஒரு ஸ்பேர் பல்பு வைத்திருந்தார். 60/55 வாட். எந்த முள் பிளஸ் என்று கேட்டார். "நாலு பிளஸ்ஸு, ஒண்ணு மைனஸ்ஸு, நடுவுல ரெண்டும் சும்மா" என்று அண்ணா சொன்னார். துண்டு வயரால் அடாப்டரிலேயே நேராகப் பல்பைத் தொட்டார். வெள்ளையாகக் கண் கூசியது. அதே பல்பைக் கேபிளின் மறுமுனையில் தொட்டார். எரிந்தது, ஆனால் மங்கல். குழந்தைக்குக் கூடத் தெரிகிற வித்தியாசம். பல்பு எரியும்போதே மீட்டரை வைக்கச் சொன்னார். 12-க்குப் பக்கத்தில் நின்றது.

"உங்க கேபிளு குடிக்குதுங்க" என்றார்.

அவ்வளவுதான் நோய். இனி கணக்கு.

ரப்பர் உறையில் பார்க்கத் தடியாக இருந்த அந்தக் கேபிளுக்குள் இருந்தது 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புதான். பத்து மீட்டர் என்றால் போகப் பத்து, வரப் பத்து, ஆக 20 மீட்டர். அதன் தடை 0.46 ஓம் போல வரும். ஒன்றும் ஓடாதபோது தடை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வோல்ட் அப்படியே தெரியும். மல்டிமீட்டர் எடுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை என்பதால் அதன் கண்ணுக்கு எல்லாக் கேபிளும் நல்ல கேபிள்தான். 85 வாட் கேமரா 14.4 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். 6-ஐ 0.46-ஆல் பெருக்கினால் 2.7 வோல்ட் வழியிலேயே போச்சு.

இதோடு நின்றால் பரவாயில்லை. பல்புக்கும் கேமராவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வோல்ட் குறைந்தால் பல்பு மங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். கேமராவுக்கு 85 வாட் வேண்டும் என்றால் வேண்டும்தான். வோல்ட் குறைந்தால் அதை ஈடுகட்டக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கூடினால் கேபிளில் இழப்பு கூடும். இழப்பு கூடினால் வோல்ட் இன்னும் குறையும். கந்துவட்டி மாதிரி. இந்தச் சுற்று எங்கே போய் நிற்கும் என்று இருபடிச் சமன்பாடு போட்டுப் பார்த்தேன் (ஆமாம், அது ஒரு தடவை வாழ்க்கையில் பயன்பட்டுவிட்டது). கேமரா மட்டும் என்றால் 10.8 வோல்ட்டில் நிற்கிறது. எங்கள் கேமரா அணையும் எல்லை 10.5. அதாவது விளிம்பில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. மானிட்டருக்கு ஒரு 15 வாட் சேர்த்து 100 வாட் ஆக்கினால் 9.6. கதை முடிந்தது. மானிட்டர் மாட்டிய பிறகு அது ஏன் அணைந்தது, கழற்றினால் ஏன் எழுந்தது என்பதெல்லாம் காகிதத்தில் அப்படியே வந்து உட்கார்ந்தது.

வைத்தியம் என்ன? அதே பத்து மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால், 100 வாட்டுக்கும் 13.4 வோல்ட் வந்திருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு அதற்கு எங்கே போவது? எலக்ட்ரீஷியன் அண்ணா மேலே பார்த்தார். சீரியல் செட்டுக்காக மூங்கில் நட்டு வயர் போயிருந்தது. ரேடியோ செட்டுக்காரர் அதே மூங்கிலில், கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு மூன்று கோர் வயரைக் கேமரா வரைக்கும் கட்டிக்கொண்டு வந்தார். பெரியவர்களும் சரி என்றார்கள். அடாப்டர் ஸ்டாண்டின் காலிலேயே கட்டப்பட்டது. கேமராவுக்கும் அதற்கும் இடையில் அதன் சொந்தக் குட்டிக் கேபிள் மட்டும். அதன் பிறகு விடியும் வரை அது அணையவே இல்லை.

230 வோல்ட்டில் 100 வாட் என்றால் அரை ஆம்பியர் கூட இல்லை. அதே ஒல்லி வயராக இருந்தாலும் இழப்பு கால் வோல்ட்தான். மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, 1937-இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. அங்கிருந்து கம்பி வழியாக ஊர் ஊராக மின்சாரம் போக வேண்டும் என்றால் வோல்ட்டை ஆயிரக்கணக்கில் ஏற்றித்தான் அனுப்ப முடியும். ஏன் அவ்வளவு உயரக் கோபுரம், ஏன் அவ்வளவு பெரிய பீங்கான் குமிழ் என்று சங்ககிரி பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டு போவேன். காரணம் எங்கள் பத்து மீட்டர் கேபிளில் இருந்த அதே காரணம்தான். கேமராக்காரர்களும் அந்தப் பக்கம்தான் நகர்கிறார்கள். 2022-இல் வந்த அலெக்ஸா 35, 20 வோல்ட்டுக்குக் குறைவாகக் கொடுத்தால் வேலைக்கே ஆகாது. 24 வோல்ட் பாட்டரிதான்.

மொத்தத்தில் எங்களுக்குப் போனது பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடத்தில்தான் வாத்தியார் முட்டி வலியோடு மண்டி போட்டு, கர்ணன் காலைப் பிடித்துக்கொண்டு பாடினார். நண்பன் ஒருவன் போனில் எடுத்தது இருக்கிறது, ஆனால் முன்னால் ஒரு தலை மறைக்கிறது. அண்ணாவுக்காக நாங்கள் ஒரு காகிதத்தில் கேபிள் எண், இரண்டு முனையிலும் பல்போடு அளந்த வோல்ட், மணி எல்லாம் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். பேட்டா நிற்கவில்லை என்று பின்னால் போனில் சொன்னார். அந்தக் கேபிளைத் தூக்கிப் போட்டார்களா என்று கேட்டேன். சிரித்தார்.

அதற்குப் பிறகு எங்கே கேமரா எடுத்தாலும் வாங்கும்போதே பல்பைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பாட்டரிக்கும் இதே வைத்தியம்தான். முழுக்க ஏறிய வி-மவுண்ட் பாட்டரி சும்மா இருக்கும்போது 16 வோல்ட்டுக்கு மேல் காட்டும். வயதான பாட்டரியும் அதையேதான் காட்டும். பல்பை ஐந்து நிமிடம் எரியவிட்டால் வயதானது சரசரவென்று இறங்கும், நல்லது நின்று ஆடும். ஒவ்வொரு பாட்டரிக்கும் ஒரு எண் எழுதி ஒட்டி, எது எத்தனை நிமிடம் ஓடியது என்று நோட்டில் எழுதினால் இரண்டு ஷூட்டிலேயே எது சோம்பேறி என்று தெரிந்துவிடும். சித்திரை வெயிலில் நம் சேலத்தில் 40 டிகிரி சாதாரணம். மூடிய காருக்குள் வைத்த பாட்டரியை எடுத்துச் சுடச்சுடச் சார்ஜரில் போடாதீர்கள். லித்தியம் பாட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதன் ஆயுசைக் குறைக்கும் வேலை. ஈரத்துணி போட்டு மூடுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். நிழலில் அரை மணி நேரம் வைத்தால் போதும்.

பல பாட்டரிகளில் 98 என்று இருப்பது ஏன் என்று யோசித்ததுண்டா? விமானத்தில் கையில் கொண்டுபோக அனுமதி கேட்க வேண்டாத எல்லை 100 வாட்-மணி. அதற்கு அடியில் நிற்கத்தான் அந்த 98.

இன்னொன்று, இது கொஞ்சம் விலை உயர்ந்த விஷயம். மானிட்டருக்குப் போகும் எஸ்.டி.ஐ கேபிளையும் அதன் பவர் கேபிளையும் எந்த வரிசையில் சொருகுகிறோம் என்பது முக்கியம். முதலில் பவர், பிறகு எஸ்.டி.ஐ. கழற்றும்போது முதலில் எஸ்.டி.ஐ, பிறகு பவர். மாற்றிச் செய்தால் மானிட்டருக்கான மைனஸ் பாதை ஒரு கணம் அந்த மெல்லிய எஸ்.டி.ஐ உறை வழியாகப் போய்க் கேமராவின் போர்டைச் சுட்டுவிடும். கேமரா நிறுவனங்களே இந்த எச்சரிக்கையை வெளியிட்டிருக்கின்றன. டி-டேப் பிளக்கில் மலிவானவை தலைகீழாக அழுத்தினாலும் உள்ளே போய்விடும். பிளஸ் மைனஸ் மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. யாரோ கொடுத்த கேபிள் என்றால் கேமராவில் சொருகும் முன் மீட்டரை வைத்து நாலாவது முள்தானா பிளஸ் என்று பாருங்கள். இதற்கு மீட்டர் போதும், இங்கே அது பொய் சொல்லாது.

பி.கு: ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி வெடித்துவிடும். நாங்கள் அதை ஒரு பழைய காலுறையில் சுற்றி, காலியான தகர டப்பாவுக்குள் வைத்திருக்கிறோம். எரிந்து முடித்த சூட்டோடு உள்ளே வைத்தால் காலுறை கருகும் வாசனை வரும், கொஞ்சம் ஆறவிட்டு வையுங்கள்.